இணைப்பு தரும்போதே சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டில் ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டு அப்பாவின் நிலப் பத்திர ஸ்கேன்கள், பத்து வருடப் போட்டோக்கள் எல்லாம் அதில்தான் வைத்திருக்கிறேன். வெளியூரிலிருந்து அதைத் திறக்க ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக் கணினிக்குத் திருப்பிவிடும் அமைப்பு) செய்து இரண்டு நாள் மல்லுக்கட்டியும் நடக்கவில்லை. அப்புறம்தான் ரவுட்டருக்கு வந்திருக்கும் ஐபி முகவரி 100.72 என்று ஆரம்பிப்பதைக் கவனித்தேன். 100.64 முதல் 100.127 வரை உள்ளவை சிஜிநாட்டுக்கானவை, அதாவது ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு, அதில் வெளியிலிருந்து நேரே வீட்டுக்குள் வர வழியே கிடையாது. இணைய நிறுவனங்கள் இதை இணைப்பு தரும்போதே ஏன் சொல்வதில்லை? விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி போதுமே!

பொது முகவரி கிடைத்தவர்களும் ஃபைல் ஷேரிங்குக்கான 445 போர்ட்டை மட்டும் இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள், 2017இல் ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் அந்த வழியாகத்தான் பரவியது. நான் இப்போது டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டிருக்கிறேன், அது என் கணினியையும் போனையும் இணையம் வழியே ஒரே தனி நெட்வொர்க்காக இணைக்கிறது. ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை, சிஜிநாட்டும் தடையில்லை. போன வாரம் கோவை பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பத்திரத்தைப் போனில் எடுத்து வக்கீலுக்கு அனுப்பினேன்.

– வாசகர், மதுரை