பதினேழு அங்குலம் வேண்டாம், அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கறுப்பு அலாய் வீல், பதினேழு அங்குலம், டயரோடு சேர்த்து அறுநூறு பவுண்டு. அழகாகத்தான் இருக்கிறது. யாருக்கும் ஆசை வரும். ஆனால் வாங்காதே. உன் கையில் இருப்பதே அறுநூறு பவுண்டு. அதில் ஒரு பென்னிகூடப் புது ரிம்முக்குப் போகக் கூடாது என்பது என் கட்சி. வண்டியோடு வந்த பதினைந்து அங்குல ரிம்மிலேயே நான்கு நல்ல டயர் போடு. மிச்சப் பணத்தில் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் சாய்வையும் திசையையும் சரிசெய்யும் வேலை, செய்துகொள். போனில் சொன்னால் எண்கள் மனதில் நிற்காது என்பதால் எழுதுகிறேன்.

உன் எம்எக்ஸ்-5 இரண்டு பேர் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார், ஆயிரம் கிலோவைக் கொஞ்சம் தாண்டும் வண்டி. 1989-இல் மாஸ்டா அதன் முதல் தலைமுறையைக் கொண்டுவந்தபோது 1.6 லிட்டர் இன்ஜினும் 185/60 ஆர் 14 டயரும்தான் கொடுத்தார்கள். சக்தியைக் கூட்டுவதைவிட எடையைக் குறைப்பதில் கண்ணாக இருந்தார்கள். உலகம் முழுக்க அந்த வண்டி பெயர் வாங்கியது அந்தச் சின்னச் சக்கரங்களில் ஓடித்தான். நீ வைத்திருக்கும் 2002 மாடல் இரண்டாம் தலைமுறை. அதற்கு 195/50 ஆர் 15.

இப்போது கணக்கைப் பார். 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். 50 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் பாதி, அதாவது 97.5. பதினைந்து அங்குல ரிம் 381 மில்லிமீட்டர். மேலும் கீழும் பக்கச்சுவரைச் சேர்த்தால் மொத்த விட்டம் 576. பழைய பதினான்கு அங்குல டயருக்குக் கணக்குப் போட்டாலும் 577.6 வரும். ரிம் ஒரு அங்குலம் பெரிதானபோதும் மொத்த விட்டம் மாறாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீ அனுப்பிய படத்தில் இருப்பது 205/40 ஆர் 17. ரிம் 431.8, பக்கச்சுவர்கள் இரண்டும் 164, மொத்தம் 595.8. கிட்டத்தட்ட இருபது மில்லிமீட்டர் பெரிது. எல்லா கியரும் மூன்று சதவீதத்துக்கு மேல் நீண்டுவிடும். வண்டி எழும்பும் வேகம் அந்த அளவுக்குக் குறையும். ஸ்பீடோமீட்டரும் அதே அளவுக்குக் குறைத்துக் காட்டத் தொடங்கும். பிரிட்டனில் ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது என்பது விதி.

எடை அடுத்த விஷயம். மலிவான பதினேழு அங்குல ரிம் பெரும்பாலும் சாதாரண வார்ப்பு. உலோகம் தடிமனாக இருந்தால்தான் அது தாங்கும், அதனால் கனம். அந்தக் கனமும் மையத்திலிருந்து தள்ளி விளிம்பில் போய் உட்காரும். பெரிய கிரைண்டர் கல்லைக் கிளப்ப மோட்டார் எவ்வளவு திணறும் என்று நம் வீட்டில் பார்த்தவள் நீ. விளிம்பில் எடை கூடிய சக்கரத்தைச் சுழற்ற உன் இன்ஜினும், அதை நிறுத்த உன் பிரேக்கும் அப்படித்தான் உழைக்க வேண்டும். அதோடு இந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை. சாலை மேடு பள்ளத்தில் சக்கரம் எழும்பிவிட்டு மறுபடி தரையைத் தொட நேரமாகும். தொடாத நேரத்தில் பிடிமானம் கிடையாது. பக்கச்சுவரும் 97.5-லிருந்து 82-ஆகக் குறைகிறது. கோவென்ட்ரி சாலைக் குழிகளைப் பற்றி நீயே எத்தனை முறை புலம்பியிருக்கிறாய். ஒரு குழியில் ரிம் வளைந்தால் அடுத்த மாதச் சம்பளத்தில் பாதி போகும்.

நான் சின்னக் கார்களை மதிக்கக் கற்றது கரிவரதன் வடிவமைத்த ஃபார்முலா மாருதி கார்களைப் பார்த்துத்தான். நம் கோவைக்காரர். மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினை வைத்துக்கொண்டு, நம் ஊர்ப் பிள்ளைகள் குறைந்த செலவில் பந்தயம் ஓட்ட ஒரு வழி உண்டாக்கினார். நரேன் கார்த்திகேயன் பந்தயம் தொடங்கியது அந்தக் கார்களில்தான். அவ்வளவு குறைந்த சக்தியில், திருப்பத்தில் இழந்த வேகத்தை நேர்ப்பாதையில் மீட்க முடியாது. அதனால் டயரைப் புரிந்துகொண்டவன்தான் முன்னால் வருவான். உன் வண்டியும் அந்த வகை. அதைத் திருப்பத்தில் ஓட்டும்போது உனக்குக் கிடைக்கும் சந்தோஷத்தைக் கொடுப்பது டயர். அதில் மட்டும் கஞ்சத்தனம் செய்யாதே.

எந்த டயர் என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பிய விலைப் பட்டியலில் நல்ல கம்பெனி டயர்கள் எழுபது, எண்பது பவுண்டுக்கு இருக்கின்றன. அந்த வரிசையில் வாங்கு. லேபிளில் ஈரச் சாலைப் பிடிமானத்துக்கு ஒரு எழுத்து இருக்கும். ஏ தான் உயர்ந்தது. அங்கே மழை அதிகம் என்பதால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். யூனிராயல் ரெயின்ஸ்போர்ட் மாதிரி மழைக்கென்றே செய்த டயர் கிடைத்தால் தயங்காமல் போடு. அளவுக்குப் பின்னால் 82 வி என்று இருக்க வேண்டும். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை. பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதியைப் படி: 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கடைக்காரர் தள்ளுபடி என்று நாலைந்து வருடம் கிடங்கில் கிடந்த டயரைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்.

உன் நண்பன் சொன்ன, பந்தயத்துக்கான செமி ஸ்லிக் டயர் வேண்டவே வேண்டாம். அது சூடேறினால்தான் பிடிக்கும். ஜனவரி காலையில், தண்ணீர் தேங்கிய சாலையில், பட்டன், அதாவது தண்ணீரை வெளியேற்றும் பள்ளம், குறைவான அந்த டயர் மிதந்துவிடும். வார நாட்களில் நீ பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறாய் என்பதால் சாதாரணக் கோடைக்கால டயரே போதும். ஏழு டிகிரிக்குக் கீழே அதன் ரப்பர் இறுகும். அப்படிப்பட்ட நாளில் மெதுவாக ஓட்டு, உறைபனி இருந்தால் வண்டியை எடுக்காதே. தினமும் ஓட்டும் நிலை வந்தால் ஆல் சீசன் டயர் பற்றிப் பேசுவோம்.

நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி. பணம் போதாமல் இரண்டுதான் வாங்க முடியும் என்றால், புதியதைப் பின்னால் போடு. பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். பாதி தேய்ந்த பழைய டயரைச் சட்டப்படியே விற்கிறார்கள் என்று சொன்னாய். உள்ளே எந்தக் கல்லில் இடிபட்டது என்று வெளியே தெரியாது. வாங்காதே. அங்கே பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஒவ்வொரு டயருக்கும் 2,500 பவுண்டு வரை அபராதமும் லைசென்ஸில் மூன்று தண்டனைப் புள்ளியும் உண்டு. நீ மூன்று மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடு.

பின்னால் எப்போதாவது ரிம் மாற்ற ஆசை வந்தால் தெரிந்துகொள். உன் வண்டிக்கு நான்கு போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர், ரிம்மின் நடுத்துளை 54.1. ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம், 40; அது குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி ஃபெண்டரில் உரசும். நான்குக்கு நூறு என்ற அளவு பல ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன், ரெனோ வண்டிகளிலும் உண்டு. அதனால் பழைய ரிம் மலிவாகக் கிடைக்கும், ஆணியில் ஏறியும் விடும். ஆபத்து அங்கேதான். அவற்றின் நடுத்துளை பெரிது. வளையம் போட்டு மையப்படுத்தாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் உதறும். ஹோண்டா கம்பெனி ரிம்மில் நட்டு உட்காரும் இடம் உருண்டை வடிவம், மாஸ்டா நட்டு கூம்பு வடிவம். இரண்டும் சரியாகப் பொருந்தாது, ஓட்டத்தில் தளர்ந்துவிடும். இதை எந்தக் கடையிலும் யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள். ரிம் மாற்றினால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் விபத்தின்போது பணம் தர மறுக்கலாம்.

இருக்கும் ரிம்முக்குப் பவுடர் கோட்டிங் அடிக்கலாம், நன்றாகவே இருக்கும். நட்டு உட்காரும் கூம்பிலும், வண்டியோடு ஒட்டி உட்காரும் முகத்திலும் பெயின்ட் தடிமனாகப் படியக் கூடாது என்று மட்டும் சொல்லிவிடு. நட்டை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் 110 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கச் சொல். காற்றுத் துப்பாக்கியால் அடித்து விட்டுவிடுவார்கள், விடாதே. நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை முறுக்கு. காற்று நான்கிலும் 26 பிஎஸ்ஐ. பெட்ரோல் பங்க்கில் பழக்கத்தில் 32 அடித்துவிட்டால் இறக்கிவிடு.

அலைன்மென்ட் என் தொழில், அதனால் இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. உன் வண்டியில் நான்கு சக்கரங்களையும் சாய்வு, திசை இரண்டும் மாற்றி அமைக்கலாம். இந்த விலையில் அப்படி வசதி உள்ள வண்டி அரிது. ஆனால் அதற்கான எக்சென்ட்ரிக் போல்ட்டுகள் (திருகினால் சக்கரத்தின் நிலையை நகர்த்துபவை) பிரிட்டன் சாலை உப்பில் துருப்பிடித்து இறுகிவிடும். கடைக்காரர் திருகிப் பார்த்துவிட்டு, முன்சக்கரத் திசையை மட்டும் சரிசெய்து, முழுத் தொகைக்கும் பில் கொடுப்பார். ஒரு வாரம் முன்பிருந்தே ஊடுருவும் எண்ணெயை அந்தப் போல்ட்டுகளில் அடித்து வை. நான்கு சக்கரத்துக்கும் முன், பின் அளவுகள் அச்சிட்ட தாளைத் தருவாரா என்று முதலிலேயே கேள். தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிறேன்.

கடையில் வண்டி லிஃப்டில் மேலே ஏறியிருக்கும்போது கதவுக்குக் கீழே ஓரத்தில் துரு இருக்கிறதா என்று கையால் தட்டிப் பார். இந்த மாடலில் அது பொதுவான வியாதி. ஓட்டை இருந்தால் டயரைவிட அதுதான் முதல் செலவு.

இந்த வாரமே இப்போதிருக்கும் டயர்களின் உள்பக்கத்தையும் தேதியையும் படம் எடுத்து அனுப்பு. உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் முடிந்த பிறகுதான் புது டயர் ஏற வேண்டும். அம்மா உன்னை ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன் என்றாள்.

அன்புடன்,
அப்பா