அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஒரு பக்கம், தமிழில்: காப்பீட்டு ஆணையத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,
இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், ஐதராபாத்.

வணக்கம். அறை வாடகை வரம்பு, கோ-பே, விகிதாசாரப் பிடித்தம் இவையெல்லாம் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விதி எழுதுகிறவர்களே நீங்கள்தான். எங்கள் வீட்டார் இவற்றைத் தெரிந்துகொண்டது மதுரையில் ஒரு மருத்துவமனையின் பில்லிங் கவுன்டரில். அப்பாவை ஊருக்குக் கூட்டிப்போக ஆம்புலன்ஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

அப்பாவுக்கு 68 வயது. ராஜபாளையத்தில் நூற்பாலை ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இரவு பத்தரைக்குச் சேர்த்தோம். "இன்சூரன்ஸ் இருக்காக்கா?" என்று கேட்டது வரவேற்பில் இருந்த பெண். 3 லட்சத்துக்கு இருக்கிறது என்றேன். "அப்ப ஏசி ரூமே போட்ருவோம்." நாளுக்கு 6,000 ரூபாய். வலியில் முனகிக்கொண்டிருந்த மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யார் பாலிசியைப் புரட்டிப் பார்ப்பார்கள்? சரி என்று தலையாட்டினேன்.

பாலிசிப்படி அறை வாடகை காப்புத் தொகையில் 1 சதவீதம்தான், அதாவது 3,000. கூடுதல் 3,000ஐ நாம் கட்டிவிட்டால் தீர்ந்தது, ஆறு நாளைக்கு 18,000 என்றுதானே எவரும் கணக்குப் போடுவார்? அப்படி இல்லையாம். வரம்புக்கு மேலான அறையில் படுத்த குற்றத்துக்கு, அறுவை சிகிச்சைக் கட்டணம், மயக்க மருத்துவர், தியேட்டர், நர்ஸ் என எல்லாவற்றிலும் அதே பாதிக்குப் பாதி விகிதத்தில் வெட்டு. மொத்த பில் 2,60,000. நிறுவனம் அதை அப்படியே பாதியாக்கி, மிச்சத்தில் 20 சதவீதக் கோ-பேயையும், அதாவது பாலிசிதாரரே ஏற்க வேண்டிய பங்கையும், கழித்துக்கொண்டு 1,04,000 கொடுத்தது. நாங்கள் கட்டியது 1,56,000. அம்மாவின் வளையல்கள் இப்போது அடகுக் கடையில் இருக்கின்றன.

இதில் இன்னொன்று உண்டு. மருந்து, உள்ளே பொருத்தும் கருவி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை இவற்றில் இந்த விகிதாசார வெட்டு கூடாது என்று 2020இல் உங்கள் ஆணையமே சொல்லியிருக்கிறது. எங்கள் பில்லில் அந்த வகையில் மட்டும் 1,20,000. அதிலும் பாதியை வெட்டியிருந்தார்கள். தெரிந்த வக்கீல் ஒருவர் எடுத்துக் காட்டியிராவிட்டால், கோ-பே போக 48,000 ரூபாய் போனது போனதுதான். நான்கு மாதம், ஒன்பது மின்னஞ்சல். சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகப்போகிறோம் என்று எழுதிய பிறகு பணம் வந்தது. ஒரு வார்த்தை வருத்தம் சேர்ந்து வரவில்லை.

அப்பா இன்னும் அந்த ஏசியை விடவில்லை. வாக்கர் பிடித்து நடக்கும்போது திடீரென்று நின்று, "ஏம்மா, நான் ஃபேனே போதும்னு சொல்லியிருக்கணும்ல?" என்கிறார். முப்பத்தைந்து வருடம் ஊரார் கணக்கில் ஒரு பைசா பிசகாமல் எழுதிய மனிதர், தன் கணக்கில் தவறிவிட்டதாக நினைத்துக் குன்றிப்போயிருக்கிறார். அவர் எங்கே தவறினார்? அவர் கையில் தரப்பட்டது 46 பக்க ஆங்கிலம். ஏஜென்ட் தம்பி தமிழில் சொன்னது ஒரே சொல்: "ஃபுல் கவரேஜ் சார்."

ஆகவே என் கோரிக்கை இது ஒன்றுதான். அறுபது வயதைத் தாண்டியவரிடம் பிரீமியம் வாங்கும் முன், அவர் படிக்கும் மொழியில், பெரிய எழுத்தில், ஒரே ஒரு பக்கம் கொடுக்கச் செய்யுங்கள். அதில் ஒரு மாதிரி பில் இருக்கட்டும்: இந்த வாடகையில் படுத்தால் உங்கள் கைக்காசு இவ்வளவு, அந்த வாடகையில் படுத்தால் இவ்வளவு. படித்தேன் என்று கையெழுத்து வாங்கிய பிறகு காசோலையை வாங்கட்டும்.

பாலிசியின் முக்கிய அம்சங்களைச் சுருக்கிச் சொல்லும் வாடிக்கையாளர் தகவல் தாள் என்று ஒன்று 2024 ஜனவரி முதல் புது வடிவில் இருக்கிறது, விரும்பினால் உள்ளூர் மொழியிலும் கிடைக்கும் என்பீர்கள். விரும்பினால்! அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர் எப்படி விரும்புவார்?

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 65 வயதுக்கு மேல் புது பாலிசி தரவேண்டிய கட்டாயமில்லை என்ற நிலையை 2024 ஏப்ரலில் மாற்றினீர்கள். முன்பே உள்ள நோய்களுக்குக் காப்பு கிடைக்கும்வரை காத்திருக்கும் காலத்தை 48 மாதத்திலிருந்து 36க்குக் குறைத்தீர்கள். மூத்தவர்களின் பிரீமியத்தை உங்களைக் கலக்காமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரியில் சொன்னீர்கள். நன்றி. ஆனால் ஆண்டுதோறும் பத்துப் பத்தாக ஏறினாலும் ஏழெட்டு வருடத்தில் இரட்டிப்பாகிவிடும். தொழிலாளர் ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகையோ 2014இலிருந்து 1,000 ரூபாயிலேயே நிற்கிறது. பிரீமியத்தின் மேல் இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி போனது நல்லதே. அது உங்கள் கணக்கில் வராது.

70 ஆனால் வருமானம் பார்க்காமல் 5 லட்சத்துக்கு மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். என் தம்பியின் சம்பளத்தைச் சேர்த்தால் தாண்டிவிடுகிறது. அட்டைக்கு அப்பா இளைஞர், கம்பெனிக்குக் கிழவர். நடுவில் மாட்டியவருக்குத் தொலைக்காட்சி விளம்பரத்தில் நரைத்த தம்பதி கடற்கரையில் கைகோத்து ஓடிக் காட்டுகிறார்கள். அவர்கள் எந்த வகை அறைக்குத் தகுதியானவர்கள் என்று திரையின் அடியில் எறும்பெழுத்தில் ஓடுகிறதோ என்னவோ.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போகிறேன். கேட்பது ஒரு பக்கம். தமிழ்நாட்டில் தமிழில், ஆந்திரத்தில் தெலுங்கில். கேட்டால் தருவதாக இல்லாமல், கேட்காமலே தருவதாக.

அடுத்த மாதம் அப்பாவின் பாலிசியைப் புதுப்பிக்க வேண்டும். தகவல் தாளைத் தமிழில் அனுப்புங்கள் என்று நிறுவனத்துக்கு எழுதிப் பதினொரு நாளாகிறது. பதில் வந்திருக்கிறது, ஆங்கிலத்தில். புதுப்பிக்கும் தேதிக்குள் தாங்கள் ஏதேனும் செய்ய முடியுமானால் மிகவும் கடமைப்பட்டிருப்போம்.

பணிவுடன்,
பாலிசிதாரர் ஒருவரின் மகள்,
ராஜபாளையம்.