மதுக்கடைக்கு உரிமம் தரும் நாற்காலியில் யார் உட்காருகிறார்கள்?

நியூசிலாந்துத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கும் கோவில் அறங்காவலர்களுக்கும்,

வணக்கம். தெருமுனையில் புதிதாக ஒரு பாட்டில் ஸ்டோர், அதாவது மதுக்கடை, வரப்போகிறது என்றால் நம் வாட்ஸ்அப் குழுக்கள் கொதிக்கின்றன. யாராவது ஒருவர் ஆட்சேபக் கடிதம் எழுதுகிறார், மற்றவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்து முடிவு சொல்லும் மூன்று பேர் யார், அவர்களை அங்கே உட்கார வைத்தது யார் என்று நாம் கேட்பதே இல்லை. அதைக் கேட்கச் சொல்லித்தான் இந்த மடல்.

2012-ஆம் ஆண்டு மது விற்பனைச் சட்டப்படி ஒவ்வொரு நகர, மாவட்டக் கவுன்சிலும் உரிமக் குழு அமைத்தாக வேண்டும். 2013 டிசம்பரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. குழுத் தலைவர் ஒரு கவுன்சிலராக இருப்பார். இல்லையென்றால் கவுன்சிலின் பரிந்துரையில் அதன் தலைமை நிர்வாகி நியமிக்கும் ஆணையராக இருப்பார். மற்ற இருவரும் கவுன்சில் ஒப்புதல் கொடுத்து வைத்திருக்கும் ஒரு பட்டியலிலிருந்து வருகிறார்கள். பட்டியலில் ஒரு முறைக்கு அதிகபட்சம் ஐந்து ஆண்டு, அப்புறம் நீட்டிக்கலாம். யாரும் எதிர்க்காத விண்ணப்பத்தைத் தலைவர் ஒருவரே முடித்துவிடலாம். எதிர்ப்பு வந்தால்தான் மூவரும் கூட வேண்டும்.

பணியிலிருக்கும் போலீஸ்காரர், பொதுச் சுகாதார மருத்துவ அதிகாரி, உரிம ஆய்வாளர், கவுன்சில் ஊழியர் ஆகியோர் பட்டியலில் இடம்பெற முடியாது. நடுநிலையைச் சந்தேகிக்கும் அளவுக்கு மதுத்தொழிலோடு தொடர்புள்ளவரும் முடியாது. இதெல்லாம் சரி. பட்டியலில் சேர மது உரிமம் சார்ந்த அனுபவம் வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. எந்த அனுபவம் கணக்கில் வரும் என்று எடைபோடுவது கவுன்சில். என் கவலை இங்கேதான். வழக்கறிஞர், ஓய்வுபெற்ற அதிகாரி, முன்னாள் கவுன்சிலர் என்றால் உடனே அனுபவசாலி ஆகிவிடுகிறார்கள். சனிக்கிழமை இரவு அவசர சிகிச்சைப் பிரிவில் குடிபோதைக் காயங்களுக்குக் கட்டுப்போடும் செவிலிக்கும் அந்த அனுபவம் உண்டு. குடும்ப வன்முறை வழக்குகளைக் கையாளும் சமூகப் பணியாளருக்கும், உணவக மேலாளராக இருந்து குடித்தவருக்கு மேலும் ஊற்ற மறுத்தவருக்கும் உண்டு. இப்படிப்பட்டவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். விண்ணப்பம் போடத்தான் யாரும் இல்லை.

நான் போய்ப் பார்த்த ஒரு விசாரணையில் ஒரு தமிழ்த் தாய், பிள்ளைகள் பள்ளிவிட்டு நடந்து வரும் வழியில் கடை வருகிறது என்று எழுதி வந்ததைக் கை நடுங்கப் படித்தார். குழுவில் ஒருவர், "அந்த நடைபாதை எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அந்த அம்மாவுக்குச் சட்டென்று ஆங்கிலம் வரவில்லை. விண்ணப்பதாரரின் வழக்கறிஞர் வரைபடத்தை விரித்துப் பதில் சொன்னார். தீர்மானிப்பவர்களில் ஒருவராவது அந்தத் தெருவில் நடந்தவராக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை. கடை வந்தால் வட்டாரத்தின் அமைதியும் ஒழுங்கும் கெடுமா என்று பார்ப்பது அந்தக் குழுவின் வேலை. தெருவைத் தெரியாமல் அதை எப்படிப் பார்ப்பது?

2023-இல் சட்டம் திருத்தப்பட்டது. போட்டி வியாபாரி தவிர யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம் என்றானது. ஆட்சேபித்தவரை எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யும் வழக்கமும் எடுக்கப்பட்டது. ஆக்லாந்தில் சூப்பர்மார்க்கெட் நிறுவனங்களின் வழக்குகளால் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்த உள்ளூர் மதுக் கொள்கையும் (மது எங்கே, எத்தனை மணிவரை விற்கலாம் என்று கவுன்சில் வகுக்கும் விதிகள்) நடைமுறைக்கு வந்து, 2024 டிசம்பரிலிருந்து கடைகளில் இரவு 9 மணிக்கு மது விற்பனை நின்றுவிடுகிறது. பேச வருபவருக்கு வழி எளிதாகிவிட்டது. கேட்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும்.

"கல்லாவில் இருப்பதும் நம்ம ஆளுதானே, நமக்கெதுக்கு வம்பு?" என்று சிலர் கேட்கிறார்கள். 2008-இல் தெற்கு ஆக்லாந்தின் மனுரேவாவில் ஓர் இந்திய வம்சாவளிக் கடைக்காரர் தன் மதுக்கடையில் நடந்த கொள்ளையில் சுட்டுக் கொல்லப்பட்டதை மறந்துவிடாதீர்கள். எந்த இடத்தில், எந்த நேரம் வரை கடை திறந்திருக்கலாம் என்பது கல்லாவில் நிற்பவரின் உயிரையும் தொட்ட விஷயம்.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் கவுன்சில் உரிமக் குழுப் பட்டியலுக்கு ஆள் கேட்டு விளம்பரம் செய்யும்போது, அதை சங்கத்தின் மின்னஞ்சலிலும் கோவில் அறிவிப்புப் பலகையிலும் போடுங்கள். அனுபவத்தை எப்படி எடைபோடுகிறார்கள், நேர்காணலை யார் நடத்துகிறார்கள் என்று உங்கள் கவுன்சிலருக்கு எழுதிக் கேளுங்கள். ஆனால் கடையே கூடாது என்று மேடையேறிப் பேசியவரை அந்தப் பட்டியலுக்கு விண்ணப்பிக்கச் சொல்லாதீர்கள். சாய்வு எந்தப் பக்கம் இருந்தாலும் சாய்வுதான். அவர் ஆட்சேபக்காரராகவே நிற்கட்டும். இரண்டு தரப்பையும் பொறுமையாகக் கேட்டு, காரணம் சொல்லித் தீர்ப்பு எழுதத் தெரிந்தவரைப் பாருங்கள்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்துவிடுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தயங்குபவர் யாராவது இருந்தால் சொல்லியனுப்புங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி