பின்கண்ணாடிக்கு அடியில் ஒரு திரை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றி முடித்துவிட்டீர்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும் எஞ்சின் அது. வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் அந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. இனி நெடும்பயணம் போகலாம் என்றாலும், பின்னால் வைக்கும் பெட்டிகள் கண்ணாடி வழியே வெளியே தெரிவது உறுத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதே உறுத்தலால்தான் நானும் போன மாதம் முழுவதும் என் போர்ஷே 944-க்கு ஒரு சுருள் திரையைச் செய்து பொருத்திக்கொண்டிருந்தேன். வண்டியோடு வந்திருக்க வேண்டிய பழைய திரை, எனக்கு முன் வைத்திருந்தவர்களின் காலத்திலேயே காணாமல் போய்விட்டது.

இந்த வண்டியின் டிக்கி ஏன் இப்படி இருக்கிறது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் முன்னால் இருக்க, கியர்பாக்ஸைப் பின் அச்சோடு சேர்த்து வைத்தார்கள். எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்ததற்கும், வளைவுகளில் வண்டி அத்தனை நிதானமாகத் திரும்புவதற்கும் அதுதான் காரணம். அதற்கு விலையாக டிக்கியின் தரை மேலே ஏறிவிட்டது. மேலே இருக்கும் பெரிய கண்ணாடியோ பின்னால் போகப் போகச் சரிந்து இறங்குகிறது. ஆகவே நீளமும் அகலமும் தாராளமாக இருந்தாலும் உயரம் மட்டும் கிடையாது. திரையின் கணக்கு முழுவதும் அந்த உயரத்தில்தான் அடங்கியிருக்கிறது.

டிக்கியின் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்து அளப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை; நானும் முதலில் அதைத்தான் செய்தேன். மூடிய கண்ணாடிக்கும் திரைக்கும் இடையே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பது மூடினால் அல்லவா தெரியும்? பிறகு களிமண்ணைச் சிறு உருண்டைகளாக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, திரை வரவேண்டிய உயரத்தில் அட்டை ஒன்றைத் தாங்கி நிறுத்தி அதன்மேல் ஐந்தாறு இடங்களில் வைத்து, கதவை மெதுவாக மூடித் திறந்தேன். நசுங்கிய உருண்டையின் தடிமன்தான் அந்த இடத்தில் இருக்கும் உண்மையான இடைவெளி. பின்விளிம்புக்கு அருகில் நான் நினைத்திருந்ததில் பாதிகூட இல்லை. இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஏனென்றால் நம் வண்டியின் கண்ணாடி அதன் சட்டத்தோடு பசையால் ஒட்டப்பட்டது. வயதான வண்டிகளில் அந்தப் பசை விட்டுப்போவது தெரிந்த நோய். திரையின் பின்கம்பியோ பெட்டியின் மூலையோ உள்ளிருந்து கண்ணாடியை முட்டினால், ஒவ்வொரு முறை கதவை அழுத்தி மூடும்போதும் அந்த ஒட்டின்மேல்தான் சுமை ஏறும்.

துணியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரெக்சின் வேண்டாம் என்பது என் முடிவு. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அது சுருங்குகிறது, ஓரங்கள் சுருள்கின்றன. அதிலிருந்து வெளியேறும் மென்மையூட்டிப் பொருள் கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்காகப் படிகிறது. நான் எடுத்துக்கொண்டது படகுகளுக்கு மூடியாகப் போடும் நெய்த அக்ரிலிக் துணி. நிறம் கறுப்புக்குக் கிட்டத்தட்ட வரும் சாம்பல், பளபளப்பு இல்லாதது. வெளிர் நிறம் சூடாகாது என்று தோன்றும்தான். ஆனால் அதன் பிம்பம் சரிந்த கண்ணாடியில் விழுந்து, பின்னால் வரும் வண்டிகளை மறைத்துவிடும்.

உருளைக்கு வீட்டு ஜன்னல் சுருள் திரை ஒன்றின் அலுமினியக் குழாயையும் ஸ்ப்ரிங்கையும் பயன்படுத்தினேன். ஜன்னல் திரையைப் பாதியில் நிறுத்தி வைக்கும் சிறு பற்பூட்டைக் கழற்றிவிட்டேன். நம் திரை எப்போதும் கொக்கியில் மாட்டி இழுபட்டே நிற்பதால் அதற்கு வேலை இல்லை. துணியைக் குழாயில் ஒட்டும்போது செங்கோணம் தவறக் கூடாது. முதல் முறை 2 மில்லிமீட்டர் கோணலாக ஒட்டிவிட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் துணி ஒரு பக்கமாக நகர்ந்து, கடைசியில் ஓரம் உருளையைத் தாங்கும் பிராக்கெட்டில் உரசி நூல் பிரிந்தது. பிரித்து, இரு மூலைவிட்டங்களையும் அளந்து சரிபார்த்து மறுபடி ஒட்டினேன். துணியை முழுவதும் இழுத்த பிறகும் குழாயில் இரண்டு சுற்று மிஞ்சுமாறு நீளத்தை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இழுவை முழுவதும் பசையின்மேல் விழும். ஸ்ப்ரிங்கை முறுக்கிய குழாயை முனையைப் பிடிக்காமல் ஒருபோதும் வெளியே எடுக்காதீர்கள். ஒருநாள் கை நழுவி, அது சுழன்று என் விரல் நகத்தைப் பெயர்த்துவிட்டது. துணி தொய்யாமல் நிற்கும் அளவுக்கு முறுக்கினால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் பின்கொக்கிகள்தான் வளையும்.

பொருத்தும் இடத்தில் நான் ஒரு துளைகூடப் புதிதாகப் போடவில்லை. 944 தயாரிப்பு 1991-லேயே நின்றுவிட்டது. துத்தநாகப் பூச்சுள்ள அதன் தகட்டைத் துளைத்துத் துருவுக்கு வழிவிட எனக்கு மனம் வரவில்லை. பக்கவாட்டுப் பலகைகளைப் பிடித்திருக்கும் பழைய திருகுகளின் இடத்திலேயே பிராக்கெட்டுகளை மாட்டினேன். பிராக்கெட்டின் தடிமன் 3 மில்லிமீட்டர்; அந்த அளவுக்கு மட்டுமே திருகின் நீளத்தைக் கூட்டினேன். வலப்பக்கம் பெட்ரோல் ஊற்றும் குழாய் இருப்பதால் நீளமான திருகு அங்கே ஆபத்து. தரையின் கீழே டாங்க் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பிராக்கெட்டின் பள்ளத்தில் கம்பளித் துணி ஒட்டிய பிறகு கடகடவென்ற சத்தம் நின்றது. பின் இருக்கையை மடிக்க வேண்டும்போது உருளையைத் தூக்கி எடுத்துவிடலாம். எனக்கு அரை நிமிடம்கூட ஆவதில்லை.

திரை மறைக்குமே தவிர எதையும் பிடித்து நிறுத்தாது. திடீரென பிரேக் போட்டால் பெட்டி முன்னால் பாயும் என்பதால், கனமானவற்றை இருக்கையின் முதுகோடு ஒட்டவைத்து வாரால் கட்டிய பிறகே திரையை இழுக்கிறேன். அதன்மேல் ஒரு சட்டையைக்கூடப் போடுவதில்லை.

நான் வெட்டிய அட்டை மாதிரியைச் சுருட்டித் தனியே அனுப்பியிருக்கிறேன். நம் வண்டிகள் இரண்டும் ஒரே மாடல்தான் என்றாலும், உங்கள் வண்டியின் இடப்பக்கப் பலகை ஒருமுறை மாற்றப்பட்டது என்று சொன்ன நினைவு. ஆகவே துணியை வெட்டும் முன் அந்த ஓரத்தை மட்டும் களிமண் வைத்து அளந்து, கிடைத்த அளவை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்