நான்கு மணி நேரத்தில் நின்றுபோன ஒலிப்பதிவு குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் மென்பொருளின் வாடிக்கையாளர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: முன்னறிவிப்பின்றிப் பதிவை நிறுத்திய மென்பொருள், இழப்புக்குத் தீர்வு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தை முழுமையாகப் பதிந்து வைப்பதற்காகவே, 'எவ்வளவு நேரமானாலும் தடையின்றிப் பதியலாம்' என்ற தங்கள் விளம்பரத்தை நம்பி, தங்கள் மென்பொருளின் முழுப் பதிப்பையும் இரண்டு மைக் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸையும் பணம் செலுத்தி வாங்கினேன்.

கர்ணன் போர் நடக்கும் இரவில், 10 மணிக்குப் பதிவைத் தொடங்கினேன். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ, ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வேவ் கோப்பு என்பது நான் வைத்த அமைப்பு. கூத்தை நடத்தி வேடமும் கட்டும் வாத்தியார் ஒரே பாட்டுக்குள் தழுதழுத்த குரலிலிருந்து உச்சக் குரலுக்கு ஏறுவார். மிருதங்கமும் முகவீணையும் சட்டென்று கூடும். உச்ச ஒலி வெட்டுப்படாதபடி மைக்கின் அளவைக் குறைத்து வைத்தாலும், மெல்லிய ஒலி இரைச்சலில் மூழ்காமல் கிடைக்க வேண்டுமென்றே 24 பிட்டைத் தேர்ந்தேன். விடியற்காலை 5.30 வரை திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒலி அளவு காட்டும் பட்டைகளும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. ஆனால் பதிவை நிறுத்திக் கோப்பைத் திறந்தபோது அதில் இருந்தது 4 மணி 8 நிமிடம் 33 வினாடி மட்டுமே. கர்ணன் களத்தில் விழும் கட்டமும் அதன்பின் வந்த புலம்பலும், அதாவது ஊரே உறங்காமல் காத்திருந்த பகுதி, ஒரு வினாடிகூடப் பதிவாகவில்லை. வேடம் கட்டுவதை இவ்வாண்டோடு நிறுத்திக்கொள்வதாக வாத்தியார் முன்பே சொல்லியிருந்ததால், அதை இனி அவர் குரலில் பதிய எனக்கு வழியில்லை.

தொலைபேசியில் முறையிட்டபோது, ஹார்ட் டிஸ்க் நிரம்பியிருக்கும் என்றார் தங்கள் பணியாளர். நிரம்பவில்லை, 600 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தது. ஒரு கோப்பை 4 ஜிபிக்கு மேல் வளரவிடாத எஃப்ஏடி32 என்ற பழைய சேமிப்பு முறையில் டிஸ்க் இருக்கலாம் என்றார். அது அந்த எல்லை இல்லாத என்டிஎஃப்எஸ் முறை என்பதை அப்போதே சரிபார்த்துச் சொன்னேன். அதன்பின் எம்பி3-இல் பதியுமாறு அறிவுரை கூறினார். அது ஒலியின் ஒரு பகுதியை நிரந்தரமாகக் கழித்துவிட்டுச் சேமிக்கும் முறை என்பதால், பாதுகாத்து வைக்க வேண்டிய மூலப் பதிவுக்கு அதை நான் ஏற்கவில்லை.

உண்மைக் காரணத்தை எளிய கணக்கே காட்டுகிறது. மேற்சொன்ன அமைப்பில் வினாடிக்கு 48,000 மாதிரி, ஒவ்வொன்றும் 3 பைட், இரு பக்கம் என 2,88,000 பைட் சேர்கிறது. மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் 1991-இல் வெளியிட்ட வேவ் வடிவத்தில், கோப்பின் அளவைக் குறிக்க அதன் தொடக்கத்திலுள்ள தலைப்பகுதியில் 32 பிட் இடமே உண்டு; அதில் ஏறத்தாழ 429 கோடி பைட் வரைதான் எழுத முடியும். ஆகவே ஒரு கோப்பு ஏறத்தாழ 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அந்த எல்லை 14,913 வினாடியில், அதாவது சரியாக என் பதிவு அறுந்த இடத்தில் வருகிறது. இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனி மோனோ கோப்புகளாகப் பதிந்திருந்தால் 8 மணி நேரத்துக்கு மேல் கிடைத்து, முழு இரவும் அடங்கியிருக்கும். இந்த ஒரு வரியைக்கூடத் தங்கள் கையேடு சொல்லவில்லை.

இது தீர்வில்லாத தடையும் அன்று. இதே எல்லையைக் கடப்பதற்காக ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் ஆர்எஃப்64 வடிவத்தை வகுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. கையடக்க ரெக்கார்டர்கள்கூடக் கோப்பு நிரம்பும் முன் தாமாகவே அடுத்த கோப்பைத் தொடங்குகின்றன. எல்லை இருந்ததைவிட, பதிவாகாத ஒலியைப் பதிவாவதுபோல் மூன்று மணி நேரத்துக்கு மேல் திரையில் காட்டியதே எனக்குப் பெரும் குறையாகப் படுகிறது. பதிவு அறுந்த நள்ளிரவு 2.08 மணிக்கு ஒரு எச்சரிக்கை வந்திருந்தால் அந்த நொடியே புதிய பதிவைத் தொடங்கியிருப்பேன்.

எனவே, மென்பொருளுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நான் செலுத்திய தொகையை முழுமையாகத் திருப்பித் தரவும், இக்குறையை நீக்கும் புதிய பதிப்பை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் கட்டணமின்றி வழங்கவும், அதுவரை மேற்குறித்த விளம்பர வாசகத்தை நீக்கி, கோப்பின் அளவு எல்லையைக் கையேட்டில் தெளிவாக அச்சிடவும் கேட்டுக்கொள்கிறேன். 15 நாள்களுக்குள் எழுத்து வடிவில் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி தருமபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்.

வாங்கியதற்கான ரசீது, விளம்பரத்தின் படம், பதிவுக் கோப்பின் விவரம் காட்டும் கணினித் திரையின் படம் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்