நல்லார்பரைக் கடக்கப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு

பெர்த்திலும் அடிலெய்டிலும் இருக்கும் அன்பு உறவுகளே,

பள்ளி விடுமுறை வந்தால் நம்மில் ஒன்றிரண்டு குடும்பமாவது, நல்லார்பர் சமவெளியைக் கடந்து போகும் ஐர் நெடுஞ்சாலையில் கிளம்பிவிடுகிறது. நார்ஸ்மனிலிருந்து போர்ட் அகஸ்டா வரைக்கும் மட்டுமே 1,600 கிலோமீட்டருக்கு மேல். பெட்ரோல் எங்கே போடலாம், சோறு கட்டிக்கொண்டு போகலாமா என்றெல்லாம் என்னிடம் கேட்கிறீர்கள். (சோறு சரி. பழமும் காய்கறியும் வேண்டாம். கிழக்கே போகும்போது செடூனாவிலும், மேற்கே வரும்போது பார்டர் வில்லேஜிலும் சோதனைச் சாவடியில் எடுத்துவிடுவார்கள்.) ஆனால், நடு இரவில் முன்பின் தெரியாத ஒருவர் காரை நோக்கி நடந்து வந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்டதில்லை.

எங்களுக்கு அது நடந்தது. வழியிலுள்ள பலடோனியா என்ற நிறுத்தத்தில் டீ குடித்துவிட்டுக் கிளம்பவே நேரமாகிவிட்டது. அங்கிருந்து கைகுனா போகும் வழியில்தான் 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாத நேர்ச்சாலை. இருட்டுவதற்குள் போய்விடலாம் என்றார் கணவர், நானும் சரி என்றேன். பாதி வழியில் ஒரு கங்காரு குறுக்கே பாய்ந்தது. வண்டியை ஒடித்ததில் ஓரத்துக் கல்லில் ஏறிப் பின் டயர் கிழிந்துவிட்டது. ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது, ஆனால் ஒரு நட்டு மட்டும் அசையவில்லை. போனில் சிக்னல் இல்லை. உள்ளே இரண்டு பிள்ளைகளும் அத்தையும். நல்லார்பர் என்றால் லத்தீனில் மரமில்லாதது என்பார்கள், ஆனால் அந்த இடத்தில் இருபுறமும் சிறுமரங்களும் புதர்களும் உண்டு. ஒவ்வொரு புதரும் ஆளாகத் தெரிந்தது.

அப்போது ஒரு ரோடு ட்ரெயின், அதாவது பல பெட்டிகளை இழுத்துப் போகும் நீளமான லாரி, எங்களைத் தாண்டிப் போனது. இந்தச் சாலையில் அவை 36 மீட்டருக்கு மேல்கூட நீளமாக இருக்கும், நினைத்த இடத்தில் நிறுத்திவிட முடியாது. வெகுதூரம் தள்ளிப் போய் நின்றது. ஓட்டுநர் இருட்டில் நடந்து திரும்பி வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், அரைக்கால் சட்டை, பெரிய பூட்ஸ். நாங்கள் கதவுகளைப் பூட்டிக்கொண்டோம். அவர் பத்தடி தள்ளியே நின்று, டார்ச்சைத் தன் முகத்துக்கும் கைகளுக்கும் திருப்பிக் காட்டினார். என்னவோ கேட்டார். நாங்கள் கண்ணாடியை இறக்கவே இல்லை. ஒரு தண்ணீர் கேனை பானட் மேல் வைத்துவிட்டு, கையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு கார் வந்தது. வழியில் ஓய்விடத்தில் கேரவனோடு தங்கியிருந்த வயதான தம்பதி. அந்த அம்மா மட்டும் முதலில் ஜன்னலுக்கு வந்தார். "பிள்ளைகளோடு ஒரு குடும்பம் பயந்துபோய் நிற்கிறது, முதலில் ஒரு பெண் போய்ப் பேசட்டும்" என்று அந்த லாரி ஓட்டுநர், வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் வானொலியில் சொல்லிக்கொண்டே போனாராம். அதைக் கேட்டுத்தான் கேரவனை அங்கேயே கழற்றிவிட்டு வந்திருக்கிறார்கள். அவர் கணவர் ஸ்பேனரில் ஒரு நீளமான பைப்பைச் செருகி அழுத்தினார், நட்டு கழன்றுவிட்டது. கைகுனா வரை எங்கள் பின்னாலேயே வந்து விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

நாங்கள் பயந்ததற்குக் காரணம் உண்டு. 2001 ஜூலையில், நாட்டின் நடுவே போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில், பாரோ கிரீக் அருகே, உங்கள் வண்டியில் கோளாறு என்று சைகை காட்டி நிறுத்த வைத்து, பிரிட்டிஷ் பயணி ஒருவரை ஒருவன் கொன்றான். அந்தக் கதை நம் எல்லோருக்கும் தெரியும். கூட வந்த பெண் பல மணி நேரம் புதரில் ஒளிந்திருந்து, பிறகு வழியில் வந்த ஒரு ரோடு ட்ரெயினைத்தான் கைகாட்டி நிறுத்தினார். அவரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அதில் இருந்த இரண்டு ஓட்டுநர்கள். அவர்களைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அதே இரவு, அதே சாலை.

அதனால் கேட்கிறேன். ஓடும் வண்டியை யாரோ நிறுத்தச் சொன்னால் நிறுத்தாதீர்கள், அடுத்த ரோடுஹவுஸுக்கு (பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும் வழி நிறுத்தத்துக்கு) போய்ச் சொல்லுங்கள். ஆனால் நீங்களே நின்றுபோய், ஒருவர் உதவ வந்தால், கதவைத் திறக்க வேண்டாம், கண்ணாடியை இரண்டு விரல் அகலம் இறக்கிப் பேசுங்கள். என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். குறைந்தபட்சம் நன்றியாவது சொல்லுங்கள். எங்களால் அதுகூட முடியவில்லை, இன்று வரை உறுத்துகிறது.

அப்புறம், யாராவது பானட்டைத் திறந்துவைத்து நின்றால் வேகத்தைக் குறைத்து "ஓகேயா?" என்று கட்டைவிரலைக் காட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள். அந்தச் சாலையில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், நாம் மட்டும் கடந்து போகக் கூடாது. சூரியன் சாய்ந்தபின் ஓட்டவே வேண்டாம்.

அந்த ஓட்டுநர் பேசியது போன்ற யுஎச்எஃப் வானொலி இல்லாமல் கிளம்பாதீர்கள். லாரிக்காரர்கள் பேசுவது சானல் 40. நாங்கள் பிறகு ஒன்று வாங்கினோம். அடுத்த விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போகலாம், சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
பெர்த்திலிருந்து உங்கள் சகோதரி