கயிற்றின் மேல்முனையில் இருந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். கோத்தகிரி வட்டாரத்துச் செங்குத்துப் பாறையொன்றின் இடைநடுவே இருக்கும் குகைக்குள் கயிறு வழியாக இறங்கி, அங்குள்ள செங்காவி ஓவியங்களைப் படமெடுத்துத் திரும்பியதற்காகப் பலர் எங்களைப் பாராட்டினீர்கள். அந்தப் பாராட்டு உரியவர்களைச் சேரவில்லை என்ற உறுத்தலே இம்மடலை எழுத வைத்தது. குகை எங்கிருக்கிறது என்று சொல்லாததைப் பொறுத்தருள வேண்டும்; நடந்தே போய்விடக்கூடிய கரிக்கையூர்ப் பாறை ஓவியங்களின் மேல் வந்துபோனவர்கள் கிறுக்கி வைத்திருப்பதைக் கண்டவன் நான்.

முதல் நன்றி, தேனெடுப்பதில் முதுமை கண்ட, குறும்பர் பழங்குடிப் பெரியவருக்கு. முதன்முறை நாங்கள் போனபோது குகைவாயை ஒட்டி மலைத்தேனீயின் அடைகள் தொங்கின. “ஈ போனதும் வாங்க” என்ற ஒரே சொல்லில் எங்களைத் திருப்பி அனுப்பினார். கயிற்றில் தொங்குகிறவன் தேனீக்கு அஞ்சி ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. அடைகள் வெறுமையாகி, மழை ஓய்ந்து, பாறை காய்ந்த பிறகே மீண்டும் சென்றோம். காட்டுக்கொடியில் பின்னிய ஏணியில் தேனெடுக்க இறங்கும் அவருடைய இனத்தார், ஏணியின் தலைமாட்டில் மனைவியின் உடன்பிறந்தவனைக் காவல் வைப்பது வழக்கம். தன் அக்காளையோ தங்கையையோ கைம்பெண்ணாக்க எவனும் துணியமாட்டான் அல்லவா? “உங்க மச்சான் வந்திருக்காரா?” என்று அவர் என்னைக் கேட்டது விளையாட்டுக்கு அல்ல. இல்லை என்றதும், அன்று முழுவதும் கயிறு கட்டிய இடத்தை விட்டு அவர் எழவே இல்லை.

கயிறு அமைத்த பயிற்சியாளர்கள் இருவரும் ஒரே மரத்தை நம்பாமல், இரண்டு மரங்களுக்கும் ஒரு பாறைக்குமாகச் சுமையைப் பகிர்ந்து, எடை ஏறினாலும் அதிகம் இழுபடாத, 11 மில்லிமீட்டர் தடிமனுள்ள கயிறுகளில் இறங்குவதற்கு ஒன்றும் காப்புக்கு ஒன்றுமாகக் கட்டினார்கள். பாறை விளிம்பில் கயிறு உராயும் இடத்தில் நான்காக மடித்த சாக்கைப் போட்டு, ஒவ்வொருவர் இறங்கிய பின்னும் அதைச் சரிபார்த்தார்கள். மேற்பாறை துருத்தி நின்றதால், நேரே இறங்கியவருக்குக் குகைவாய் மூன்று மீட்டர் உள்ளே தள்ளியிருந்தது. முதலில் இறங்கிய அம்மையார் ஊஞ்சலாடி, ஐந்தாவது வீச்சில் விளிம்பைப் பற்றி உள்ளே புகுந்தார். பின்னால் வந்த எங்களையெல்லாம் கயிற்றின் அடிநுனியைப் பிடித்து அவரே உள்ளே இழுத்தார்.

திரும்பி ஏறுகையில் நான் மாட்டிக்கொண்டேன். என் எடையால் கயிறு மேல்விளிம்போடு ஒட்டிக் கிடக்க, கயிற்றைக் கவ்விப் பிடித்து மேலேற உதவும் கருவியான ஏறுபிடியைத் தள்ள விரல் நுழையும் இடைவெளிகூட இல்லை; புறங்கை தோலுரிந்தது. இடுப்பிலும் தொடையிலும் கட்டும் வார்ப்பட்டையான ஹார்னஸில் அசையாமல் நெடுநேரம் தொங்கினால் தொடைவார் இரத்த ஓட்டத்தைத் தடுத்து மயக்கம் வரும் என்று வகுப்பில் கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கால் வைக்க ஒரு கண்ணி போட்ட சிறு கயிற்றை மேலிருந்து இறக்கி, “அதில் ஏறி நில்லுங்கள் சார்” என்று பதறாமல் சொன்ன இளைஞருக்கு நான் பட்ட கடன் பெரிது. எடை அதற்கு மாறியதும் பிரதான கயிறு தளர்ந்தது, ஏறிவிட்டேன்.

மேலிருப்பவர்களுக்குக் குகைவாய் தெரியாது. ஆகவே எதிர்ச்சரிவில் வெயிலில் நின்று, வாக்கிடாக்கியில் நான்கு மணி நேரம் எங்கள் அசைவுகளைச் சொல்லிக்கொண்டிருந்த நண்பருக்கும், அனுமதியளித்து உடன்வந்த வனத்துறையினருக்கும் நன்றி.

தேனெடுக்கப் பலமுறை பக்கத்தில் இறங்கியிருந்தும், பெரியவர் அந்தக் குகைக்குள் போனதில்லையாம். அச்சிட்ட படங்களோடு வரும் ஞாயிறு ஊருக்கு வருகிறோம். முதல் படி அவருக்கு.

நன்றியுடன்,
குழுவின் சார்பில், கடைசியாக மேலேறியவன்